வீடு விற்குமுன் ஸ்டேஜிங்குக்குக் காசு கொடுப்பதா? ஸ்காபரோ வீடொன்றின் கணக்கு

ரொறன்ரோவில் ஸ்காபரோவின் வடகிழக்குப் பக்கம், எண்பதுகளில் கட்டிய நாலு அறைத் தனிவீடு. செங்கல் முகப்பு, இரண்டு கார் நிற்கிற கராஜ், பக்கவாசலோடு பேஸ்மென்ட் (நிலக்கீழ்த் தளம்). அக்காவும் அத்தானும் இருபது வருடத்துக்கு மேல் அதில் இருந்தார்கள். பிள்ளைகள் மூன்று பேரும் அங்கேதான் வளர்ந்தார்கள், கடைசி மகளும் வேலை கிடைத்து ஒட்டாவாவுக்குப் போய்விட்டாள், அத்தானின் முழங்காலுக்கு மாடிப்படி இனி ஒத்துவராது. அதனால் இதை விற்றுவிட்டு ஏஜாக்ஸ் பக்கம் படி ஏறத் தேவையில்லாத சின்ன வீடொன்றுக்குப் போவதென்று 2025 தொடக்கத்தில் முடிவெடுத்தார்கள். ஏஜென்ட் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு முதலில் சொன்ன விஷயம் விலை அல்ல, ஸ்டேஜிங், அதாவது விற்பனைக்காக வீட்டைத் தளபாடம் போட்டு அலங்கரித்துக் காட்டுவது. "இப்ப ஸ்டேஜ் பண்ணாமல் போட்டால் ஒருத்தரும் திரும்பியும் பாக்க மாட்டினம்" என்றார். கணக்குப் பார்க்கிற வேலை என் தலையில் விழுந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இதே கேள்வியை நம் ஆட்கள் பலர் கேட்கிறார்கள், பதிலாகக் கிடைப்பதோ "எல்லாரும் செய்யினம், செய்யுங்கோ" என்பதுதான். இவ்வளவு பெரிய காசுக்கு அது போதாது.

முழு ஸ்டேஜிங் என்றால் உங்கள் தளபாடங்களைக் களஞ்சியத்துக்கு அனுப்பிவிட்டு, ஸ்டேஜிங் கொம்பனி தன்னுடைய சோபா, கட்டில், சாப்பாட்டு மேசை, தரைவிரிப்பு, சுவர்ப் படம், பூச்சாடி வரை கொண்டுவந்து வைப்பது. அதைப் படம் பிடித்து விளம்பரத்தில் போடுவார்கள், வீடு விற்றதும் லொறியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். 1970களில் அமெரிக்காவில் சியாட்டில் பக்கம் பார்ப் ஷ்வார்ட்ஸ் என்ற பெண்மணி தொடங்கிவைத்த பழக்கம் இது. பாதி ஸ்டேஜிங்கும் உண்டு, உங்கள் தளபாடத்தில் நல்லதை வைத்துக்கொண்டு குறைக்கு மட்டும் வாடகைக்கு எடுப்பது. அதற்கும் கீழே, ஒருவர் வந்து வீடு முழுக்க நடந்து எதை எடு, எதை நகர்த்து, எந்தச் சுவருக்கு என்ன நிறம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிற ஆலோசனை. ஏஜென்டுகள் ஸ்டேஜிங் என்று சொன்னால் பெரும்பாலும் முதலாவதைத்தான் சொல்கிறார்கள்.

சந்தை நிலவரத்தைச் சொல்லாமல் இந்தக் கணக்கு விளங்காது. 2022 பெப்ரவரியில் பெரும்பாக ரொறன்ரோவின் சராசரி வீட்டு விலை 13 லட்சம் டொலரைத் தாண்டி நின்றது. கனடா மத்திய வங்கியின் வட்டி அப்போது 0.25 சதவீதம். அந்த நேரத்தில் சமையல் பாத்திரம் கழுவாமல் கிடந்த வீடுகூடப் போட்டிபோட்டு விற்றது. மார்ச்சில் வட்டி ஏறத் தொடங்கி 2023 ஜூலையில் 5 சதவீதம் வரை போனது. 2024 ஜூனில்தான் குறைக்கத் தொடங்கினார்கள், 2025 மார்ச்சில் 2.75. வட்டி இறங்கியும் வாங்குகிறவர்கள் அவசரப்படவில்லை, விற்பனைப் பலகைகள்தான் தெருவுக்குத் தெரு கூடின. ஆகவே ஏஜென்ட் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. தெரிவு கூடிய சந்தையில் படத்தைப் பார்த்தே பாதி வீடுகளைத் தள்ளிவிடுவார்கள். ஆனால் அதே சந்தையில் வாங்குகிறவருக்கு அவகாசமும் இருக்கிறது. அடுத்த தெருவில் போன மாதம் என்ன விலைக்குப் போனது, கூரைக்கு என்ன வயது, வீட்டைச் சூடாக்குகிற ஃபர்னஸ் எப்போது மாற்றியது என்றெல்லாம் ஆறுதலாகக் கேட்பார், வாடகைச் சோபா அந்தக் கேள்விகளை நிறுத்தாது.

இப்போது காசு.

முழு ஸ்டேஜிங்குக்கு வந்த விலை 5,800 டொலர், முதல் 45 நாளுக்கு. அதற்கு 13 சதவீத எச்எஸ்டி (விற்பனை வரி) 754. 45 நாளில் விற்காவிட்டால் ஒவ்வொரு மாதமும் 1,900, அதற்கும் வரி. வீட்டிலுள்ளதை எல்லாம் ஏற்றி இறக்கிக் களஞ்சியத்தில் வைக்க இன்னொரு 1,500. ஆக 8,050 டொலர் அளவில். இதில் ஏஜென்ட் சொல்லாமல் விட்டது, அவர் மறைத்தார் என்று சொல்லவில்லை, யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை, ஸ்டேஜிங் கொம்பனி வருவதற்கு முன் சுவருக்குப் பெயின்ட் அடித்து வீட்டை ஆழமாகச் சுத்தம் செய்திருக்க வேண்டும். அது அவர்கள் விலையில் இல்லை. பெயின்டுக்கு 2,400, சுத்தத்துக்கும் கார்ப்பெட் கழுவுவதற்கும் 650. எல்லாம் சேர்த்தால் 11,100.

இந்தக் காசு திரும்பிவர வீடு எவ்வளவு கூட விற்க வேண்டும்? ரொறன்ரோவில் இரண்டு பக்க ஏஜென்டுகளுக்கும் சேர்த்து 5 சதவீத கொமிஷன் என்பது வழக்கம் (சட்டம் ஒன்றும் இல்லை, பேசிக் குறைக்கலாம்), அதற்கு மேல் எச்எஸ்டி, ஆக 5.65 சதவீதம். விலை ஆயிரம் டொலர் கூடினால் உங்கள் கைக்கு 943 டொலரும் கொஞ்சச் சதமும்தான் வரும். குடியிருந்த சொந்த வீடு என்பதால் பொதுவாக இலாபத்துக்கு வரி கிடையாது, விற்றதை வருமான வரிப் படிவத்தில் காட்ட வேண்டும், அவ்வளவுதான். 11,100 டொலரை மீட்க விலை ஏறக்குறைய 11,800 கூட வேண்டும். 10 லட்சத்து 50 ஆயிரம் எதிர்பார்க்கிற வீட்டில் அது 1.1 சதவீதம்.

1.1 சதவீதம் என்றால் சின்ன விஷயம்போலத் தெரியும், ஏஜென்டும் அப்படித்தான் சொன்னார்: "அஞ்சு வீதம் கூட வித்தால் ஐம்பதாயிரம் அண்ணை, பத்தாயிரத்துக்கு ஏன் யோசிக்கிறியள்?" இந்தப் பேச்சில்தான் கணக்கு வழுக்கிப் போகிறது. அவர் ஒப்பிடுவது ஒன்றுமே செய்யாத வீட்டையும் முழுக்க ஸ்டேஜ் செய்த வீட்டையும். நமக்கு அப்படி ஒரு தெரிவு இல்லை. பெயின்டும் சுத்தமும் வெளிச்சமும் எப்படியும் செய்யத்தான் போகிறோம். அதைச் செய்து முடித்த வீட்டுக்கும், அதற்கு மேல் வாடகைத் தளபாடம் போட்ட வீட்டுக்கும் இடையில் விலை எவ்வளவு வித்தியாசப்படும் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. எப்படியும் செய்கிற வேலைகளுக்கு எங்களுக்கு 4,700 போனது (விவரம் கீழே), 11,100இல் அதைக் கழித்தால் அந்த மேலதிகம் மட்டும் 6,400 டொலர். அதை மீட்க 6,800 டொலர் கூட விற்க வேண்டும். தளபாடம் மட்டும் இதைக் கொண்டுவருமா?

அதற்கு என்ன ஆதாரம் இருக்கிறது என்று தேடினேன். அடிக்கடி காட்டப்படுவது அமெரிக்காவின் நேஷனல் அசோசியேஷன் ஆஃப் ரியல்டர்ஸ் வெளியிடும் ஸ்டேஜிங் அறிக்கை. 2025 அறிக்கையில், வாங்குகிறவர் பக்கத்து ஏஜென்டுகளில் 83 சதவீதம் பேர், ஸ்டேஜ் செய்த வீட்டில் தாங்கள் வாழ்வதை வாங்குகிறவர் கற்பனை செய்வது சுலபம் என்று சொல்லியிருக்கிறார்கள். வாங்குகிறவர் கொடுக்க முன்வந்த விலை 1 முதல் 10 சதவீதம் கூடியது என்று சொன்ன ஏஜென்டுகள் 29 சதவீதம். இரண்டும் ஏஜென்டுகளின் அபிப்பிராயம், ஒரே வீட்டை இரண்டு விதமாக விற்று அளந்ததல்ல, அளக்கவும் முடியாது. ஸ்டேஜ் செய்கிற வீட்டுக்காரர் பொதுவாகப் பெயின்டும் அடிப்பார், நல்ல படக்காரரையும் பிடிப்பார், விலையையும் யோசித்துத்தான் வைப்பார். எது விலையை ஏற்றியது என்று பிரித்தெடுக்க வழியில்லை.

பிரித்துப் பார்க்க முயன்ற ஒரு ஆய்வு உண்டு. லேன், செய்லர், செய்லர் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்டது. வீடு வாங்குகிற 800க்கும் மேற்பட்டவர்களுக்கு ஒரே வீட்டைத் திரையில் சுற்றிக் காட்டினார்கள், சுவர் நிறத்தையும் தளபாடத்தையும் மட்டும் ஆளுக்கு ஆள் மாற்றி. நல்ல தளபாடமும் சாதாரண நிறமும் இருந்தபோது வீட்டைப் பற்றிய அபிப்பிராயம் உயர்ந்தது. ஆனால் வீட்டுக்கு அவர்கள் போட்ட விலை குறிப்பிடும்படி மாறவில்லை. இதை நான் விளங்கிக்கொள்வது இப்படி: வடிவான வீடு பார்க்க ஆட்களைக் கூட்டிவரும், பிடித்துப்போகவும் செய்யும், விலை என்று வரும்போது அவர்கள் பக்கத்துத் தெருவைப் பார்த்துத்தான் எழுதுவார்கள். ஆட்கள் கூடுவதே போட்டியை உண்டாக்கலாம், வேளைக்கு விற்கவும் உதவலாம், அதை நான் மறுக்கவில்லை. அதற்கு 6,400 டொலர் தளபாடம் தேவையா, நல்ல படம் போதுமா என்பதுதான் என் கேள்வி.

வேளைக்கு விற்பதன் பெறுமதியும் எல்லாருக்கும் ஒன்றல்ல. அடுத்த வீட்டை முதலே வாங்கிவிட்டு, பழையது விற்கும்வரை பிரிட்ஜ் லோன் என்கிற இடைக்காலக் கடனில் நிற்கிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். 6 லட்சம் கடன், 7 சதவீத வட்டி என்று வைத்தால் மாதம் 3,500 டொலர் கரைகிறது. அவருக்கு ஒரு மாதம் முந்தி விற்றாலே அந்த 6,400இல் பாதிக்கு மேல் வந்துவிடும். அக்கா வீட்டில் கடன் ஏறக்குறைய முடிந்துவிட்டது, அடுத்ததை இதை விற்ற பிறகுதான் வாங்குவதென்று இருந்தார்கள். ஒரு மாதம் பிந்தினால் அவர்களுக்குப் பெரிய நட்டம் இல்லை. சும்மா இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு காத்திருக்கலாம். இந்த ஒரு விஷயத்தை ஏஜென்ட் கேட்கவே இல்லை.

ஏஜென்டைக் குறை சொல்ல வரவில்லை, மனுசன் நேர்மையானவர், ஊரிலிருந்தே தெரிந்தவர். ஆனால் அவர் நிற்கிற இடத்தையும் பார்க்க வேண்டும். ஸ்டேஜிங் காசு அவர் பையிலிருந்து போவதில்லை, வடிவான படம் அவருடைய அடுத்த விளம்பரத்துக்கும் உதவும், கெதியில் விற்றால் அவருக்கு நேரம் மிச்சம். சில ஏஜென்டுகள் ஸ்டேஜிங்கைத் தங்கள் கொமிஷனுக்குள் சேர்த்து "இலவசம்" என்று தருவார்கள். அது இலவசம் இல்லைதான், என்றாலும் தன் காசைப் போடுகிறவர் அதை நம்புகிறார் என்று அர்த்தம். நாங்கள் நேரடியாகக் கேட்டோம்: "அவ்வளவு நிச்சயம் எண்டால் செலவில பாதியை நீங்கள் போடுங்கோ, அஞ்சு வீதம் கூட வித்தால் முழுக்கத் திருப்பித் தாறம்." சிரித்தார், பிறகு ஆலோசனைக் காசை மட்டும் தான் தருவதாகச் சொன்னார். அக்கா வேண்டாம் என்றுவிட்டா, அந்த 350 டொலரை நாங்களே கொடுத்தோம், ஆலோசனை சொல்கிறவர் எங்களுக்குச் சொல்ல வேண்டும் என்பதற்காக. எந்த ஏஜென்டிடமும் அவர் கொமிஷனுக்குள் என்னென்ன வருகிறது என்பதைக் கையெழுத்து வைக்குமுன் ஒப்பந்தத்தில் வரிவரியாக எழுதித்தரச் சொல்லுங்கள், படம், வீடியோ, சுத்தம், ஸ்டேஜிங் எல்லாமே.

ஆலோசனைக்கு வந்தவர் ஒன்றரை மணித்தியாலம் நின்றார். கொடுத்த காசில் அதுதான் உச்சப் பயன் தந்தது என்று நினைக்கிறேன். வாசலில் செருப்பு அடுக்கிலிருந்து தொடங்கினார். உள்ளே வந்ததும் மாடிப்படிச் சுவரில் முதலில் கண்ணில் படுவது மூத்த மகளின் சாமத்தியவீட்டுப் படம், ஆள் உயரம், தங்க நிறச் சட்டம். அதற்குக் கீழே படிப்படியாகக் கலியாணப் படங்கள், பட்டமளிப்புப் படங்கள். "எல்லாத்தையும் எடுக்க வேணும்" என்றார். அக்காவுக்கு முகம் மாறிவிட்டது. "வாற சனம் வீடு பாக்க வருதா, என்ர பிள்ளையைப் பாக்க வருதா? இருந்தால் என்ன?" வந்தவர் பதற்றப்படாமல் சொன்னார், அவர்கள் பிள்ளையைத்தான் பார்ப்பார்கள், அதுதான் பிரச்சினை, ஒரு வீட்டுக்குள் நிற்கிற அந்தப் பதினைந்து நிமிஷத்தில் மூன்று நிமிஷம் உங்கள் குடும்பத்தைப் பார்ப்பதில் போய்விடும் என்று. அக்கா அன்று ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் கழித்துத் தானே ஏணி போட்டுக் கழற்றிப் பழைய சேலையால் சுற்றி வைத்திருந்தா. படங்கள் இருந்த இடமெல்லாம் சுவர் வெளிர் சதுரமாக நின்றது, மற்ற இடம் மஞ்சளாகிப்போயிருந்தது. பெயின்ட் அடிக்கத்தான் வேண்டும் என்பதற்கு அதற்கு மேல் ஆதாரம் தேவைப்படவில்லை.

சாமியறைக்குத்தான் பெரிய விவாதம் நடந்தது. மேல்மாடியில் துணி அலுமாரியாக இருந்த சிறு அறையைச் சாமியறையாக்கி, இருபது வருடம் விளக்கேற்றிக் கூரை கரிபிடித்திருந்தது. ஆலோசகரும் ஏஜென்டும் ஒரே குரலில், எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத் திரும்ப அலுமாரியாகக் காட்டுங்கள் என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தத் தெருவில் கடந்த சில வருடங்களில் வீடு வாங்கியவர்கள் யார் என்று பார்த்தால் பாதிக்கு மேல் தமிழர், குஜராத்திகள், கயானாவிலிருந்து வந்த இந்துக்கள். வீட்டைப் பார்க்க வருகிறவரின் அம்மாவுக்கு அந்த அறை ஒரு காரணமாகவே அமையலாம். மற்றவர்களுக்கு அது தட்டுப் போட்ட சிறு அறை, எதற்கும் பாவிக்கலாம். கடைசியில் நடுவாக ஒரு முடிவு: கரியை ப்ரைமர் (அடிப்பூச்சு) இரண்டு தரம் அடித்து மூடி வெள்ளை பூசுவது, இருபது படத்தில் மூன்றை மட்டும் வைப்பது, விளக்கை ஏற்றாமல் துலக்கி வைப்பது. கரிக்கு மேல் நேரே பெயின்ட் அடித்தால் மஞ்சளாக ஊறிவரும், ப்ரைமர் இல்லாமல் அடிக்க விடாதீர்கள்.

மணம் பற்றியும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், நம் ஆட்கள் இதைச் சொன்னால் கோபப்படுவார்கள். அக்கா பொரியலை எல்லாம் கராஜில் வைத்த இரண்டாவது அடுப்பில்தான் செய்கிறவ, அதனால் குசினி சுத்தமாகத்தான் இருந்தது. அப்படியிருந்தும் மிளகாய்த்தூள் மணம் திரைச்சீலையிலும் கார்ப்பெட்டிலும் ஏறி நின்றது. இருக்கிறவர்களுக்கு அது தெரியாது. வாசனைத் தெளிப்பான் அடித்தால் இரண்டும் கலந்து இன்னும் மோசமாகும். திரைச்சீலைகளைக் கழற்றித் துவைத்து, கார்ப்பெட்டை இயந்திரம் போட்டுக் கழுவி, குசினிப் புகைபோக்கி வடிகட்டியை மாற்றி, காட்டுகிற நாட்களில் மகன் வீட்டில் சமைத்துக் கொண்டுவந்தார்கள். எந்த ஸ்டேஜிங் கொம்பனியும் இதைச் செய்து தராது.

பேஸ்மென்டில்தான் முழு ஸ்டேஜிங் திட்டத்தின் ஓட்டை எனக்குப் பளிச்சென்று தெரிந்தது. அவர்கள் வரைந்து காட்டியதில் பேஸ்மென்ட் ஒரு சினிமா அறை. பெரிய திரை, சாய்வுக் கதிரை, சிறு குசினியை ஒரு மடிப்புத் தடுப்பால் மறைத்து. நடுநகரத்தில் அது எடுபடலாம். ஸ்காபரோவில் பத்து லட்சத்துக்கு வீடு வாங்குகிற இளம் குடும்பம் பேஸ்மென்டைப் பார்ப்பது வாடகைக் கண்ணால். பக்கவாசல் தனியா, குசினி இருக்கிறதா, குளியலறை இருக்கிறதா, மாதம் எவ்வளவு வரும், அது வீட்டுக் கடனில் எவ்வளவைத் தாங்கும். அதை மறைத்துச் சினிமா காட்டுவது நம் வீட்டின் பலத்தை நாமே மூடிவைப்பது. நாங்கள் அதைக் குடியிருப்பாகவே காட்டினோம். வெளிச்சத்தைக் கூட்டி, குசினியைத் துடைத்து, சாமான்களைக் குறைத்து. சட்டப்படி பதிவான குடியிருப்பு என்று விற்பவர் உறுதி தரவில்லை என்கிற வழக்கமான வரியும் விளம்பரத்தில் இருந்தது, இல்லாததை இருப்பதாகச் சொல்லக் கூடாது.

அங்கே ஒரு பெடியன் வாடகைக்கு இருந்தார், ஜூலையில் வேறு நகரத்துக்கு வேலைக்குப் போகிறவர். ஒன்ராறியோவில் குடியிருப்பவர் இருக்கும் இடத்தை வாங்குகிறவருக்குக் காட்ட 24 மணித்தியாலத்துக்கு முன் எழுத்தில் அறிவிக்க வேண்டும், காலை 8க்கும் இரவு 8க்கும் இடையில்தான் காட்டலாம். அறிவித்துவிட்டோம் என்று மட்டும் நின்றால் அவர் கட்டிலைக்கூட விரிக்கத் தேவையில்லை. அத்தான் அவரோடு இருந்து கதைத்தார், அந்த மாத வாடகையில் 300 டொலர் குறைத்தார், பெடியன் ஒவ்வொரு முறையும் அறையை ஒதுக்கி வைத்துவிட்டுப் போனார். ஏஜென்ட் இதை வீண் செலவு என்றார். அந்த 300 டொலருக்கு ஈடான வாடகைத் தளபாடம் எதுவும் கிடையாது.

இன்னொன்று. பேஸ்மென்ட் மூலையில் தண்ணீர் கசிந்த பழைய கறை ஒன்று இருந்தது. மேலால் பெயின்ட் அடித்துவிடலாம் என்று பெயின்டர் சொன்னார். அதைச் செய்யவில்லை. மழைநீர்க் குழாய் அத்திவாரத்துக்குப் பக்கத்தில் கொட்டியதுதான் காரணம், குழாயை நீட்டி விட்டோம், திருத்திய பற்றுச்சீட்டை வைத்து வருகிறவர்களுக்குக் காட்டினோம். வீட்டை வடிவாக்குவது வேறு, குறையை மூடுவது வேறு. தெரிந்து மறைத்த குறை விற்ற பிறகு வழக்காக வரலாம் என்பது ஒரு பக்கம், வாங்குகிறவரும் நம்மைப்போல ஒரு குடும்பம்தான் என்பது இன்னொரு பக்கம். ஸ்டேஜிங் என்ற பெயரில் நடக்கிற இந்த மாதிரி வேலைகளைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

கடைசிக் கணக்கு இப்படி வந்தது. ஆலோசனை 350. பெயின்ட் 2,400. சுத்தமும் கார்ப்பெட்டும் 650. பல்ப், கூரை விளக்கு இரண்டு, குளியலறைக் குழாய் 300. களஞ்சியமும் லொறியும் 650, ஏனென்றால் முழுத் தளபாடமும் போகவில்லை, பாதிதான் போனது: கண்ணாடி அலுமாரி, இரண்டாவது சோபா செட், தைக்கிற இயந்திரம், சுவர் முழுக்க அடைத்து நின்ற பெட்டகம். மெல்லிய திரைச்சீலை, வெள்ளைக் கட்டில் விரிப்பு, துவாய்கள் 350. கூட்டினால் 4,700. மேல்மாடிக் குளியலறையைப் புதிதாகச் செய்வதா என்று அத்தான் கேட்டார், "ஏழாயிரம் ஸ்டேஜிங்குக்குக் குடுக்கிற இடத்தில வாஷ்ரூமைச் செய்யலாமே தம்பி" என்று. யோசனை சரிதான், ஆனால் ஏழாயிரத்தில் முடிகிற வேலை அல்ல, வேலைக்காரரை நம்பி மாதக்கணக்கில் இழுபடும். சிலிக்கனைச் சுரண்டிப் புதிதாகப் பூசி, குழாயை மாற்றியதோடு விட்டோம்.

வரவேற்பறைக்கு மட்டும் தளபாடம் வாடகைக்கு எடுப்பதா என்று கடைசி வரை இழுபறி. பெரிய சோபா பழையது, கைப்பிடியில் நிறம் போயிருந்தது. இரண்டாவது செட்டை வெளியே எடுத்ததும் அறை இவ்வளவு பெரிதா என்று எங்களுக்கே அதிசயமாக இருந்தது. சோபாவுக்கு மேல் ஒரு விரிப்பைப் போட்டு, ஜன்னலைப் பார்க்கத் திருப்பி வைத்தோம். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. படக்காரர் காலை நேரம் வந்து, பெயின்ட் மணம் போன பிறகு, எல்லா விளக்கையும் போட்டு எடுத்தார். அது ஏஜென்டின் செலவு.

விலையை 10 லட்சத்து 79 ஆயிரத்துக்கு வைத்தோம். 2022இல் பலர் செய்ததுபோல விலையைக் குறைத்துப் போட்டு ஒரு இரவில் எல்லா ஓபரையும் (வாங்குகிறவர்கள் எழுதித் தருகிற விலையை) வாங்குகிற முறை வேண்டாம் என்று முடிவெடுத்தோம், போட்டிக்கு ஆள் வராவிட்டால் அந்தக் குறைந்த விலையிலேயே மாட்டிக்கொள்ள வேண்டிவரும். வீட்டைப் பார்த்துவிட்டுப் போன ஏஜென்டுகள் அனுப்பிய குறிப்புகளை ஒவ்வொன்றாக வாசித்தேன். மேல்மாடிக் குளியலறை பழசு, பின்வளவு சின்னது, விலை கொஞ்சம் கூட. தளபாடத்தைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் எழுதவில்லை. நாலாவது கிழமையில் ஒரு இளம் தமிழ்க் குடும்பம் 10 லட்சத்து 30 ஆயிரத்துக்கு எழுதியது, வங்கிக் கடனுக்கும் வீட்டுப் பரிசோதனைக்கும் நிபந்தனையோடு. பேசிப் பேசி 10 லட்சத்து 48 ஆயிரத்தில் முடிந்தது. அவர்கள் கேட்ட கேள்விகள் கூரையின் வயது, பக்கவாசல், பேஸ்மென்ட் வாடகை. அந்தப் பெண்ணின் அம்மா இரண்டாவது முறை வந்தபோது நேரே மேலே போய்ச் சாமியறைக் கதவைத் திறந்து பார்த்தவ.

இதை வைத்து ஸ்டேஜிங் தேவையில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு வீட்டை ஒரு முறைதான் விற்கலாம். முழுக்க ஸ்டேஜ் செய்திருந்தால் ஏழாயிரம் கூட வந்திருக்குமா என்று யாராலும் காட்ட முடியாது. அதே காலத்தில் பக்கத்துத் தெருவில் இதே அமைப்பில் ஒரு வீடு, பத்திரிகைப் படம்போல ஸ்டேஜ் செய்தது, எங்களுக்கு முன் வந்து எங்களுக்குப் பின்னும் நின்றது. காரணம் தளபாடம் அல்ல, 11 லட்சத்து 50 ஆயிரம் கேட்டார்கள். பிழையான விலையைக் கதிரை மேசை காப்பாற்றாது என்பதற்கு மேல் அதிலும் ஒன்றும் இல்லை.

ஆட்கள் இருக்கிற வீட்டுக்கு ஒரு முடிவு என்றால் வெறும் வீட்டுக்கு வேறு முடிவு, அதையும் சொல்கிறேன். அதே வருடம் எங்கள் மச்சான் ஒருவர் கல்கரிக்கு மாறிப்போனதால் நடுநகரத்தில் தன்னுடைய ஓரறைக் கொண்டோவை (அடுக்குமாடி வீட்டை) விற்க வேண்டி வந்தது. வெறுமையாகக் கிடந்தது. 500 சதுர அடி. வெறும் சின்ன அறையைப் படத்தில் பார்த்தால் கட்டில் போடலாமா என்றே விளங்காது. சோபாவும் சாப்பாட்டு மேசையும் ஒரே இடத்தில் நிற்குமா என்பது அதைவிட விளங்காது. கணினியில் சோபாவை ஒட்டிய படம் போடலாம், மலிவு, ஆனால் வந்து பார்க்கிறவருக்கு வெறும் அறைதான், படத்தில் பார்த்ததைத் தேடி ஏமாறுவார். அங்கே வாடகைத் தளபாடம் செய்கிற வேலை உண்மையானது, அளவைக் காட்டுகிறது. ஆகவே 2,100 டொலருக்கு 60 நாள், எடுக்கச் சொன்னேன்.

ஆனால் 2025இல் ரொறன்ரோவில் சின்னக் கொண்டோக்கள் விற்காமல் மாதக்கணக்கில் நின்ற நிலைமையில் 60 நாளில் விற்கும் என்று நம்பி எழுத முடியாது. பராமரிப்புக் கட்டணம், சொத்து வரி, வீட்டுக் கடன் மூன்றும் ஓடிக்கொண்டிருக்க, ஸ்டேஜிங் வாடகை நாலாவதாகச் சேர்ந்தால் யாருக்குத்தான் தாங்கும். ஒப்பந்தத்தில் தவணை முடிந்ததும் தானாக நீளும் என்று ஒரு வரி இருந்தது, அதை வெட்டச் சொன்னோம், நீட்டுவதாக இருந்தால் நாங்கள் எழுத்தில் கேட்க வேண்டும் என்று மாற்றினார்கள். தளபாடத்துக்குச் சேதம் வந்தால் யார் பொறுப்பு என்பதையும் அதில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆள் இல்லாத வீடு 30 நாளுக்கு மேல் கிடந்தால் பல வீட்டுக் காப்புறுதிகள் முழுதாகக் கைகொடுக்காது, மச்சான் காப்புறுதிக் கொம்பனிக்கு முன்கூட்டியே சொல்லி அனுமதி எடுத்தார். 60 நாளில் விற்கவில்லை. தளபாடத்தைத் திருப்பி அனுப்பினோம், படங்கள் விளம்பரத்தில் இருக்கத்தானே செய்தன, ஆனால் இப்போது உள்ளே ஒன்றும் இல்லை என்று படத்துக்குக் கீழே எழுதச் சொன்னோம். மூன்றாவது மாத வாடகைக்குப் போக இருந்த காசோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து விலையில் 5,000 குறைத்தார். அந்த மாதக் கடைசியில் ஒருவர் வந்து, தன் சோபாவின் நீளத்தை அளவுநாடாவில் எழுதிக்கொண்டுவந்து, சுவரோடு பிடித்துப் பார்த்துவிட்டு ஓபர் எழுதினார்.